சட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்கு: விண்ணப்பம் முதல் சத்தியப்பிரமாணம் வரை

ஒரு நாள் மாலைப் பூசை முடிந்த பின்பு படுவான்கரையிலிருந்து ஒரு தாய் தன் மகளையும் கூட்டிக்கொண்டு மிஷன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் குடும்பத்தின் கடதாசிகள் எல்லாம் மடித்தபடி கிடந்தன. “சாமி, புள்ளைக்குச் சட்டம் படிக்க இடம் கிடைச்சிருக்கு. பதியிறதுக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. பேர் ஒரு எழுத்து மாறிக் கிடக்கெண்டு சொல்றாங்க” என்றார். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு விதமாகவும் உயர்தரப் பெறுபேற்றில் இன்னொரு விதமாகவும் இருந்தது. மூலப் பிரதி 2007ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது.

அந்த நாட்களை அந்தத் தாய் பஸ்ஸிலும் அலுவலகத் திண்ணைகளிலும் கழித்தார். எட்டாம் நாள் காரியம் முடிந்தது. ஆனால் பிள்ளை படித்துப் பெற்ற இடம் ஒரு எழுத்துக்காகக் கைநழுவப் பார்த்தது. இன்னொரு குடும்பம் இப்படி அலையக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை. சட்டம் படிக்க விரும்பும் பிள்ளையும், கடதாசிகளைக் காக்கும் தாய் தந்தையரும் இதைச் சேர்ந்திருந்து வாசிக்க வேண்டும்.

நமக்கு ஏன் சட்டம் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்?

1990இலும் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் வாவியின் இரு கரையிலும் இருந்து ஓடியவர்கள் நாம். திரும்பி வந்தபோது சிலருடைய வயல் காடாகிக் கிடந்தது. சிலருடைய வயலில் வேறொருவர் வேளாண்மை செய்தார். சிலருடைய காணிக்குள் போகவே முடியவில்லை. நம்மில் பலரிடம் உள்ளது உறுதி அல்ல, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம். பின்னுரித்தாளர் பெயரிடப்படாத காணி யாருக்குப் போகும் என்பதில் ஆண்மக்களுக்கே நெடுங்காலம் முன்னுரிமை இருந்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. இதை எத்தனை வீடுகள் அறியும்?

யுத்தத்தினால் நீதிமன்றத்துக்குப் போக முடியாமல் இருந்தவர்கள் தம் காணிக்காக வழக்கிட இடம் தரும் காலவிதிப்பு (விசேட ஏற்பாடுகள்) சட்டம் 2016இல், 5ஆம் இலக்கமாக, வந்தது. அதுவும் காலவரையறை உடையது. சட்டம் வந்த செய்தி வட்டைக்கு வந்து சேரும் முன்னரே காலம் ஓடிவிடுகிறது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் வீதியோரம் குந்தியிருந்து போராடத் தொடங்கியதையும் நாம் கண்டோம். நம் ஊரின் நிலத்தையும் நீரையும் அறிந்த ஒரு சட்டத்தரணி நம்மிடையே இருப்பது ஒரு குளம் கட்டுவதற்குச் சமம்.

மூன்று வாசல்கள்

சட்டம் படிக்க முக்கியமாக மூன்று வாசல்கள் உள்ளன. முதலாவது, அரச பல்கலைக்கழகத்தில் 4 வருடச் சட்டமாணிப் பட்டம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே மாணவரைத் தெரிவுசெய்கிறது. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்கள் இவ்வழியாகச் சட்டத்துக்கு மாணவரை எடுக்கின்றன. படிப்புக்குக் கட்டணம் இல்லை.

இரண்டாவது, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் பட்டம். இதற்கு நுழைவுத் தேர்வு உண்டு; கட்டணமும் உண்டு. வேலை செய்துகொண்டோ வயலைப் பார்த்துக்கொண்டோ படிக்கலாம். மட்டக்களப்பிலும் அதற்கு நிலையம் இருக்கிறது.

மூன்றாவது, 1874இல் தொடங்கப்பட்ட, கொழும்பு அளுத்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி. இது சட்டக் கல்விப் பேரவையின் கீழ் இயங்குகிறது. அனுமதிப் பரீட்சையில் மொழியறிவும் பொது அறிவும் சோதிக்கப்படும். மூன்று வருடப் படிப்பு. கட்டணம் உண்டு.

முக்கியமான ஒன்றைப் பலர் அறியாதிருக்கிறார்கள். சட்டமாணிப் பட்டம் மட்டும் ஒருவரைச் சட்டத்தரணி ஆக்காது. பட்டம் பெற்றவரும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் தேறி, அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரின் கீழ் பயிற்சி பெற்று, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். ஆகவே நான்கு வருடத்தோடு செலவு முடிந்துவிடும் என்று கணக்குப் போட வேண்டாம்.

இசட் புள்ளியும் மாவட்டக் கோட்டாவும்

உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி ஆகியன பல்கலைக்கழக அனுமதிக்கான அடிப்படைத் தகைமை. அதன் பின்பு இடத்தைத் தீர்மானிப்பது இசட் புள்ளி.

இசட் புள்ளி என்றால் என்ன? வயலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஒரு வட்டையில் ஏக்கருக்குச் சராசரி 20 மூடை. ஏற்ற இறக்கம் வழக்கமாக 5 மூடை. அங்கே நீங்கள் 30 மூடை எடுத்தீர்கள். இன்னொரு வட்டையில் சராசரி 30 மூடை. ஏற்ற இறக்கம் 10 மூடை. அங்கே உங்கள் நண்பர் 40 மூடை எடுத்தார். மூடையை எண்ணினால் நண்பரே முன்னிற்கிறார். ஆனால் நீங்கள் உங்கள் வட்டையின் சராசரியை விட 10 மூடை கூட எடுத்தீர்கள். அது அங்குள்ள ஏற்ற இறக்கத்தைப்போல் 2 மடங்கு. நண்பருடையது 1 மடங்குதான். ஆகவே திறமையில் நீங்கள் மேல். இலகுவான பாடம், கடினமான பாடம் என்ற வேறுபாடு பிள்ளையைப் பாதிக்காதபடி இப்படியே ஒவ்வொரு பாடத்துக்கும் கணக்கிட்டு, மூன்று பாடங்களின் சராசரியை எடுக்கிறார்கள்.

இடங்களைப் பங்கிடும்போது 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. அந்தக் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. இதனாற்றான் சட்டத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகிறது.

இங்கே இடம்பெயர்ந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிள்ளை எந்த மாவட்டத்துக்குரியவர் என்பதை, பரீட்சைக்கு முந்திய வருடங்களில் எந்தப் பாடசாலையில் படித்தார் என்பதை வைத்தே பார்க்கிறார்கள். காணி எங்கே இருக்கிறது என்பதை வைத்து அல்ல. ஆகவே பாடசாலை மாறிய ஒவ்வொரு முறையும் விடுகைப் பத்திரத்தை வாங்கி, சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம்

உயர்தரப் பெறுபேறு வெளியான பின்பு ஆணைக்குழு அந்த வருடத்துக்குரிய கைந்நூலை வெளியிடும். போன வருடத்துக் கைந்நூலை நம்ப வேண்டாம், தகைமைகள் மாறுவதுண்டு. சட்டத்துக்குக் கலைப்பிரிவு மாணவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று எண்ணுவது தவறு. வேறு பிரிவில் படித்தவரும் கைந்நூலில் சொன்ன தகைமை இருந்தால் விண்ணப்பிக்கலாம். சாதாரண தரப் பெறுபேறு பற்றிய நிபந்தனை ஏதும் உண்டா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

விண்ணப்பம் இணையவழியில் நிரப்பப்படுகிறது. பிள்ளை தானே பக்கத்தில் இருந்து நிரப்புவிக்க வேண்டும். கடைக்காரர் கையில் கடதாசியைக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விடாதீர்கள். கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வையுங்கள். தொலைபேசி இலக்கம் வீட்டாருடையதாக, மாறாததாக இருக்கட்டும்.

விருப்பத் தெரிவுகளின் வரிசையில்தான் அநேகர் தவறுகிறார்கள். “சட்டத்தை முதலாவதாகப் போட்டுக் கிடைக்காவிட்டால் மற்றதும் போய்விடும்” என்று பயந்து, கிடைக்கக்கூடியதை முதலில் எழுதுகிறார்கள். அப்படி அல்ல. மேலிருந்து கீழாகப் பார்த்து, புள்ளி போதுமான முதல் விருப்பத்துக்கே பிள்ளையைத் தெரிவுசெய்வார்கள். சட்டத்துக்குப் புள்ளி போதாவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். கிடைக்கக்கூடியதை முதலில் எழுதினால் அதுவே கிடைக்கும். சட்டத்தை எட்டிப் பார்க்கவே மாட்டார்கள். மனம் விரும்பும் வரிசையே சரியான வரிசை.

கடதாசிகள் தொலைந்திருந்தால்

பிறப்புச் சான்றிதழ்: பதிவு இருந்தால் பிரதி எடுப்பது கடினம் அல்ல. 1960ஆம் ஆண்டுக்குப் பிந்திய பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி பெறலாம். பிறப்பே பதியப்படாதிருந்தால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஞானஸ்நானப் பதிவு, பாடசாலை அனுமதிப் பதிவு, சுகாதார அட்டை முதலியன சான்றாக உதவும். கத்தோலிக்கக் குடும்பங்கள் பங்குப் பதிவேட்டைக் கேட்கத் தயங்க வேண்டாம். எதுவுமே இல்லாதபோது உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு.

பெயர் வேறுபாடு: ஓர் எழுத்து, முதலெழுத்து, தகப்பன் பெயர் என்று எந்த வேறுபாடாயினும் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முன்பே திருத்துங்கள். பின்னர் என்றால், இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் இணைக்க வேண்டி வரும். அதை ஏற்பதா என்பது அலுவலகத்தின் முடிவு. பிறப்புப் பதிவிலேயே திருத்துவதுதான் நிலையான வழி. அதற்குச் சில மாதங்கள் செல்லலாம்.

காணாமற்போன தகப்பன்: இதை எழுதக் கை நடுங்குகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் கொண்டுசெல்லப்பட்டதை நம் மண் மறக்கவில்லை. பல்கலைக்கழகம் என்ற சொல்லே சில தாய்மாருக்கு அந்த நாளைத்தான் நினைவூட்டும். கணவனோ தகப்பனோ காணாமற்போன குடும்பங்களிடம் மரணச் சான்றிதழ் கேட்டு வருத்த வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒருவர் காணாமற்போயிருப்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். அதைப் பெறுவதால் அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாகாது. தேடும் உரிமையும் போகாது. பிள்ளையின் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அது உதவும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: மகாபொல உதவித்தொகை யாருக்குக் கிடைக்கும்?

பதில்: 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மகாபொல நிதியம் திறமை அடிப்படையிலும் குடும்ப வருமான அடிப்படையிலும் உதவி வழங்குகிறது. அது கிடைக்காதவர்க்குப் பர்சரி எனப்படும் உதவிப்பணம் உண்டு. வருமானம், வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குள்ள தூரம், படிக்கும் சகோதரர் தொகை முதலியன பார்க்கப்படும். 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல மாதத்துக்கு 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தொகை மாறக்கூடியது. முதற் பணம் கைக்கு வரச் சில மாதங்கள் தாமதிப்பது வழக்கம் என்பதால், முதல் மூன்று நான்கு மாதச் செலவுக்குக் குடும்பம் முன்கூட்டியே ஒழுங்கு செய்யட்டும்.

கேள்வி: எங்கள் பெயரில் 5 ஏக்கர் வயல் உண்டு. ஆனால் பல வருடமாகச் செய்ய முடியவில்லை. வருமானம் எப்படிக் காட்டுவது?

பதில்: காணியை மறைக்க வேண்டாம். மறைத்தது தெரிந்தால் உதவித்தொகை நிறுத்தப்படலாம். காணி பற்றிய உங்கள் உரிமைக் கோரிக்கைக்கும் அது இழுக்கு. காணியின் பெயர், பரப்பு, எந்த வருடத்திலிருந்து எந்தக் காரணத்தால் வேளாண்மை செய்யப்படவில்லை என்பவற்றை எழுதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தையும் பெறுங்கள். கமநல சேவை நிலையத்தில் உள்ள பதிவும் துணையாகும். உள்ளதை உள்ளபடி எழுதுவதே பலம்.

கேள்வி: தமிழில் சட்டம் படிக்க முடியுமா?

பதில்: சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கு 2020இல் ஓர் ஒழுங்குவிதி வெளியிடப்பட்டது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதனை நிராகரித்தது. பல்கலைக்கழகங்களில் மொழிமூலம் இடத்துக்கு இடம் வேறுபடும்; அந்த வருடக் கைந்நூலைப் பாருங்கள். எந்த மொழியில் படித்தாலும் சட்ட நூல்களும் தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை இருக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்கென்றே ஒதுக்குங்கள்.

கேள்வி: பதிவு செய்த பின்பு தவறவிடக் கூடாதவை எவை?

பதில்: பதிவு ஒரு தரத்தோடு முடிவதில்லை; ஒவ்வொரு கல்வியாண்டும் புதுப்பிக்க வேண்டும். விரிவுரைக்கு வருகை பொதுவாக 80 சதவீதம் எதிர்பார்க்கப்படும். சுகவீனத்தால் பரீட்சை எழுத முடியாவிட்டால், விதித்த நாட்களுக்குள் மருத்துவச் சான்றிதழைப் பல்கலைக்கழகத்துக்கு ஒப்படைக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த முறை எழுதுவது மீள்பரீட்சையாகக் கணிக்கப்படும். எவ்வளவு நன்றாக எழுதினாலும் குறைந்த தரமே கிடைக்கும். வீட்டில் வெள்ளமோ மரணமோ நேர்ந்து ஊருக்கு வர வேண்டியிருந்தால், சொல்லாமல் வந்துவிடாமல் பீடாதிபதி ஊடாகப் பதிவாளருக்கு எழுத்தில் அறிவிக்கவும். விடுதிக்கு முதல் வாரத்திலேயே விண்ணப்பிக்கவும். தூர இடத்து மாணவர் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடவும்.

கேள்வி: பகிடிவதைக்குப் பயந்து பிள்ளையை மறிக்கலாமா?

பதில்: பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பயந்து படிப்பை விடுவதற்குப் பதிலாக, பீடாதிபதிக்கோ மாணவ ஆலோசகருக்கோ மானியங்கள் ஆணைக்குழுவுக்கோ முறையிட வேண்டும். பிள்ளை வாரம் ஒரு தரமாவது வீட்டுடன் பேசட்டும். தாய் தந்தையர் காது கொடுத்துக் கேளுங்கள்.

கேள்வி: அநீதியாக மறுத்துவிட்டார்கள் என்று தோன்றினால்?

பதில்: முதலில் எழுத்தில் காரணம் கேளுங்கள். பல்கலைக்கழகமும் ஆணைக்குழுவும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்க வேண்டும். அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. வசதியற்றவர்கள் மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம். நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

வீட்டில் ஒரு கோவை

விதைநெல்லைப் பூச்சி படாமல் வைப்பதுபோல் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைக்கென ஒரு கோவை வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

1. பிறப்புச் சான்றிதழின் இரண்டு பிரதிகள்
2. அடையாள அட்டையின் பிரதி
3. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள்
4. எல்லாப் பாடசாலைகளின் விடுகைப் பத்திரங்கள்
5. இடம்பெயர்ந்தமை, மீளக்குடியேறியமை பற்றிய பதிவுகள்
6. காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி
7. அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டும்

இன்னொரு பிரதியை மாரி வெள்ளம் ஏறாத உறவினர் வீட்டில் வையுங்கள். 1978 சூறாவளியும் 2004 கடற்கோளும் கற்றுத்தந்த பாடம் அது. ஓடும்போது பிள்ளைக்கு அடுத்ததாகக் கையில் எடுக்க வேண்டியது அந்தக் கோவையே.

நற்செய்தியில் ஒரு விதவை வருகிறாள். அவளிடம் பணம் இல்லை, சிபாரிசு இல்லை. நீதிபதியோ யாருக்கும் அஞ்சாதவன். அவள் செய்தது ஒன்றே: நியாயம் கேட்டுத் திரும்பத் திரும்பப் போனாள், முடிவில் பெற்றாள். நம் தாய்மாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவளே நினைவுக்கு வருகிறாள். ஆனால் அவளுக்கு அந்த வாசல் எது என்று தெரிந்திருந்தது. நம்மவர்க்கு எந்த வாசல், எந்தத் திகதிக்கு முன், எந்தக் கடதாசியோடு என்பது தெரிய வேண்டும்.

பொலித்தீன் பையோடு வந்த அந்தப் பிள்ளை இப்போது சட்டம் படித்துக்கொண்டிருக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது ஊரில் மூன்று குடும்பங்களின் அனுமதிப்பத்திரங்களை வாசித்து, அவற்றில் எழுதியிருப்பதை அவர்களுக்கு விளக்கிச் சொன்னாளாம். பட்டம் இன்னும் வரவில்லை. பயன் வரத் தொடங்கிவிட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அவளுடைய பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே எடுத்து, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.